எல்லைக் கிராமங்களில் ஊசியும் நூலும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் ரயில், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம் ஆகிய நிலையங்களைக் கடந்து பாறசாலையை அடைகிறது. அதற்கு அடுத்த நிலையம் தமிழ்நாட்டில் இருக்கிறது. சாலை வழியாக வருவோருக்குக் களியக்காவிளையில் எல்லை. இந்த வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு வீட்டில் தமிழ் பேசுவார்கள்; பக்கத்து வீட்டில் மலையாளம் பேசுவார்கள்; பல வீடுகளில் இரண்டும் கலந்து வரும். ஆனால் தையல் என்ற சொல் இரு வீட்டாருக்கும் ஒன்றுதான்.

1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதற்கு முன்னால் இரு பக்கமும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். ஆகவே இந்த ஊர்களில் ஊசியும் நூலும் வந்த வரலாறும் இரு பக்கத்தாருக்கும் பொதுவானது.

கேரளத்தில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் தையல் என்றவுடன் "அதற்கு மெஷின் வேண்டும், படித்திருக்க வேண்டும்" என்று சொல்லி ஒதுங்கி விடுவோர் அதிகம். வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிச்சம் பிடிப்பது கடினமாக இருக்கும் காலத்தில், ஒரு பொத்தான் தைக்கவும் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஓர் ஊசி, ஒரு நூற்கண்டு, ஒரு கத்தரிக்கோல், வீட்டில் கிடக்கும் பழைய துணி ஆகியவற்றை வைத்துக் கொண்டு முதல் முறை பழகுவோரும் செய்யக்கூடிய ஐந்து வேலைகள் இங்கே தரப்படுகின்றன. அதற்கு முன், இந்த மண்ணில் ஊசிக்கு இருந்த மதிப்பைத் தெரிந்து கொள்வது நல்லது.

குப்பாயம் தைத்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில் நாடார் முதலிய பல சமூகத்துப் பெண்கள் மார்பை மூடி உடுத்த அனுமதிக்கப்படவில்லை. கிறிஸ்தவ சமயத்தில் சேர்ந்த பெண்கள் குப்பாயம் எனப்பட்ட சட்டையை அணியலாம் என்று 1814-ல் உத்தரவு வந்தது. ஆயினும் அதை அணிந்து சந்தைக்கு வந்த பெண்கள் தாக்கப்பட்டனர்; உடை கிழிக்கப்பட்டது. 1820-களிலும் பிறகு 1858-59-லும் பெரும் கலவரங்கள் நடந்தன. முடிவில் 1859-ல் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில், நாடார் சமூகப் பெண்கள் எச்சமயத்தவராயினும் மேலுடை அணியலாம் என்று பிரகடனம் வெளியானது. அப்போதும் உயர் சாதியார் உடுத்துவது போல் உடுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு அதில் இருந்தது.

அந்தக் குப்பாயத்தைக் கடையில் வாங்க முடியாது. தைத்துத்தான் போட வேண்டும். லண்டன் மிஷனைச் சேர்ந்த மிஷனரிகளின் மனைவியர் நடத்திய பெண் பள்ளிகளில், எழுத்துடன் தையலும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டது. பாறசாலையும் அந்த மிஷனின் நிலையங்களில் ஒன்று. தன் கையால் தைத்த ஒரு சட்டை, ஒரு பெண் தலைநிமிர்ந்து நடப்பதற்குத் துணையாக இருந்த ஊர்கள் இவை.

1819-ல் கணவருடன் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் அங்கு லேஸ் பின்னல் வேலையைத் தொடங்கினார். ஒரு சிறு மெத்தையின் மீது குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. அதில் கிடைத்த கூலியைச் சேர்த்து, அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855-ல்தான். லேஸுடன் பூத்தையலும் பின்னர் இந்த வட்டாரத்தில் பெண்களின் வீட்டுத் தொழிலாகப் பரவியது.

பாலராமபுரத்துச் சாலியர் தெரு

துணியின் கதையும் நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே இருக்கிறது. பாலராமவர்மா மகாராஜாவின் ஆட்சிக் காலத்தில் (1798-1810), திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் சமூகத்து நெசவாளர்கள் அழைத்து வரப்பட்டு பாலராமபுரத்தில் குடியமர்த்தப்பட்டனர். அரண்மனைக்கு மெல்லிய துணி நெய்து தருவது அவர்கள் தொழில். அவர்கள் குடியேறிய தெருக்களில் தமிழும் உடன் வந்தது.

குழித்தறியில், கையால் நாடா எறிந்து, வேட்டியும் நேரியதும் கசவுச் சேலையும் நெய்யப்படுகின்றன. பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டுப் பதப்படுத்துவது இங்குள்ள முறை. துணியின் இரு பக்கமும் ஒன்று போலவே தெரியும். 2009-ல் பாலராமபுரம் சேலைக்கும் நுண்பருத்தித் துணிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

இங்கு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கைத்தறி வேட்டியும் சேலையும் நடுவில் கிழிந்தாலும் ஓரத்தில் பல ஆண்டு உழைக்கும். இழை கெட்டியான பருத்தித் துணி ஊசிக்கு எளிதாக வழி விடும், வழுக்காது. தையல் பழகுவோர் முதலில் பாலியெஸ்டர், நைலான் துணியை எடுத்தால் ஊசி நழுவி அலுப்புத்தான் மிஞ்சும். ஆகவே பழைய கைத்தறி வேட்டி ஒன்றே நல்ல ஆசிரியர்.

முதலில் வேண்டியவை

நடுத்தரப் பருமனுள்ள ஊசி இரண்டு, வெள்ளை, கறுப்பு நூற்கண்டுகள் ஒவ்வொன்று, கூரான கத்தரிக்கோல், குண்டூசி பத்து, அளவு நாடா, குறி போடச் சிறு துண்டு வெள்ளைச் சோப்பு. இவ்வளவே போதும். துணி வெட்டும் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டக் கூடாது, முனை மழுங்கிவிடும். கைத்தையல் ஊசிகளில் எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். 7 அல்லது 8-ம் எண் ஊசி வீட்டு வேலைக்கு ஏற்றது.

நூலை ஒன்றரை முழத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. நீளமாக எடுத்தால் அடிக்கடி கோர்க்க வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் முடிச்சு விழுந்து இரு மடங்கு நேரம் போகும். புதுத் துணியானால் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு நீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு முதல் சலவையிலேயே சுருங்கிக் கோணிவிடும்.

மூன்று தையல்கள் தெரிந்தால் கீழ்க்கண்ட எல்லா வேலைகளையும் செய்யலாம். முதலாவது ஓட்டுத் தையல். ஊசியை மேலும் கீழுமாக ஒரே அளவில் ஓட்டிச் செல்வது. துணியைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்க இது உதவும். இரண்டாவது பின்தையல். ஒரு தையல் முன்னே போனதும், அரைத் தையல் பின்னே வந்து குத்தி மறுபடி முன்னே போவது. மெஷின் தையலுக்கு அடுத்தபடி உறுதியானது இதுவே. மூன்றாவது ஹெம்மிங். ஓரத்தை இருமுறை மடித்து, மடிப்பின் விளிம்பிலும் அடித்துணியில் ஓரிரண்டு இழையிலும் குத்தி எடுத்து, வெளியில் நூல் தெரியாமல் தைப்பது.

ஒரு கைக்குட்டை அளவுத் துணியில் கோடு போட்டு, ஒவ்வொரு தையலையும் பத்து வரி பழகினால் கை பிடிபடும். ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் விழும்படி பார்த்துக் கொள்வது நல்ல அளவு.

1. பொத்தான்

பொத்தானைத் துணியோடு இறுக்கித் தைப்பதுதான் பலர் செய்யும் தவறு. அப்படித் தைத்தால் காஜாவுக்குள் நுழையும்போது துணி சுருங்கி, சில நாளில் நூல் அறுந்துவிடும். பொத்தானின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதற்கு மேலாக நூல் போகும்படி ஐந்தாறு முறை தைக்க வேண்டும். பிறகு தீக்குச்சியை உருவிவிட்டுப் பொத்தானைச் சற்று மேலே இழுத்தால், அடியில் சிறிது நூல் தளர்ந்து நிற்கும். அந்தத் தளர்வு நூலைச் சுற்றி நான்கு சுற்று இறுகச் சுற்றி, உள்பக்கம் முடிச்சுப் போட்டு விட வேண்டும். இப்படித் தைத்த பொத்தான் சட்டை கிழியும் வரை நிற்கும்.

2. காலர் திருப்புதல்

அலுவலகம் செல்வோரின் சட்டையில் முதலில் நைந்து போவது காலரின் மடிப்பு. சட்டை நன்றாக இருக்கும். காலர் மட்டும் நூல் நூலாகப் பிரிந்து தெரியும். அதற்காகச் சட்டையையே தள்ளிவிட வேண்டியதில்லை. நைந்த பக்கத்தை அடியில் போட்டு, நல்ல பக்கத்தை மேலே கொண்டு வந்துவிடலாம்.

காலரும் கழுத்துப் பட்டியும் சேரும் இடத்தில் உள்ள தையலை மட்டும் பிளேடு முனையாலோ சிறு கத்தரியாலோ மெல்லப் பிரிக்க வேண்டும். பட்டி சட்டையோடு அப்படியே இருக்கட்டும். பிரிப்பதற்கு முன், காலரின் நடுவிலும் பட்டியின் நடுவிலும் சோப்பால் குறி போட்டுக் கொள்ள மறக்கக் கூடாது. காலரை எடுத்து, நைந்த இடத்தில் பின்பக்கம் ஒரு மெல்லிய துணித் துண்டு வைத்து ஓட்டுத் தையலால் சேர்த்துவிட வேண்டும். பிறகு காலரைத் திருப்பி, நடுக் குறிகளை ஒன்றுசேர்த்து, பட்டியின் வாய்க்குள் செருகி, நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் குண்டூசி குத்திக் கொண்டு, பழைய தையல் வழியிலேயே பின்தையல் போட வேண்டும்.

காலர் முனையில் பொத்தான் வைத்த சட்டைகளுக்கும், இரு பக்கமும் வேறு வேறு துணி வைத்த காலருக்கும் இம்முறை பொருந்தாது. மற்றச் சட்டைகளுக்கு இதனால் இன்னும் ஓராண்டாவது ஆயுள் கூடும். முதல் முறை ஒரு பழைய சட்டையில் பழகிப் பார்ப்பது நல்லது.

3. துணிப்பை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதலும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. ஆகவே எல்லையின் எந்தப் பக்கம் சந்தைக்குப் போனாலும் கையில் துணிப்பை தேவை.

பழைய பேன்ட் துணி, திரைச்சீலை, இரட்டையாக மடித்த வேட்டி எதுவானாலும் சரி. 16 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் உள்ள ஒரே துண்டாக வெட்டிக் கொள்ள வேண்டும். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளவாக்கில் பாதியாக மடித்தால் 18 அங்குல உயரம் வரும். மடிப்பு அடியில் இருப்பதால் பையின் அடியில் தையலே வராது, பாரம் தாங்கும். இரு பக்க ஓரங்களையும் ஓர் அங்குலம் விட்டுப் பின்தையல் போட வேண்டும்.

அடி தட்டையாக இருக்க வேண்டுமானால், இரு அடி மூலைகளையும் முக்கோணமாகப் பிடித்து, முனையிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே குறுக்காக ஒரு தையல் போட்டால் போதும். மூன்று அங்குல அகலத்துக்கு அடி விரிந்து நிற்கும். அரிசியும் காய்கறியும் சாயாமல் உட்காரும்.

வாய்ப்பக்கத்தை முதலில் அரை அங்குலமும் பிறகு ஒன்றரை அங்குலமும் மடித்துச் சுற்றிலும் ஹெம்மிங் செய்ய வேண்டும். கைப்பிடிக்கு 4 அங்குல அகலமும் 22 அங்குல நீளமும் உள்ள இரு துண்டுகள் வேண்டும். இரு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் நான்கு மடிப்புள்ள ஓர் அங்குலப் பட்டை கிடைக்கும். அதன் ஓரத்தைப் பின்தையலால் தைத்து, முனைகளைப் பையின் வாய்க்குள் ஒன்றரை அங்குலம் இறக்கி, பக்க ஓரத்திலிருந்து நான்கு அங்குலம் தள்ளி வைத்துத் தைக்க வேண்டும். வெறும் ஒரு வரித் தையல் பாரம் தாங்காது. சதுரமாகத் தைத்து, அதற்குள் மூலைக்கு மூலை குறுக்குத் தையல் இரண்டு போட வேண்டும். கடைப் பைகள் பெரும்பாலும் அறுவது இந்த இடத்தில்தான்.

4. தலையணை உறை

பொத்தானும் நாடாவும் இல்லாமல், தலையணை வெளியே நழுவாத உறை இது. 16 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் உள்ள தலையணைக்கு, 18 அங்குல அகலம், 58 அங்குல நீளத் துணி வேண்டும். நான்கு முழ வேட்டி ஒன்றில் இரண்டு உறை கிடைக்கும்.

முதலில் 18 அங்குல ஓரங்கள் இரண்டையும் ஓர் அங்குல அளவுக்கு இருமடிப்பாக ஹெம்மிங் செய்ய வேண்டும். இப்போது நீளம் 56 அங்குலமாக இருக்கும். துணியை நல்ல பக்கம் மேலே தெரியும்படி விரித்து, வலப்புறத்து ஓரத்தை எடுத்து 24 அங்குலம் இடப்புறமாக மடிக்க வேண்டும். இடப்புறத்தில் 8 அங்குலம் மிச்சம் நிற்கும். அந்த எட்டு அங்குலத்தை வலப்புறமாக, முதல் மடிப்பின் மேலேயே மடித்துவிட வேண்டும். மேலும் கீழும் உள்ள இரு நீள ஓரங்களை ஓர் அங்குலம் விட்டுப் பின்தையல் போட்டு, உறையைத் திருப்பினால் எட்டு அங்குல மடிப்பு உள்ளே போய்விடும். தலையணையைச் செருகி அந்த மடிப்புக்கு அடியில் தள்ளினால் வாய் மூடிக் கொள்ளும்.

தலையணை வேறு அளவாக இருந்தால் கணக்கு எளிது. அகலத்தோடு இரண்டு அங்குலம் கூட்ட வேண்டும். நீளத்தை இரு மடங்காக்கிப் பத்து அங்குலம் கூட்ட வேண்டும்.

5. பழைய சேலையில் மிதியடி

கிழிந்த பருத்திச் சேலையை இரண்டு அங்குல அகல நாடாக்களாகக் கிழித்து, ஆள் நீளத்துக்கு வெட்டிக் கொள்ள வேண்டும். மூன்று நாடாக்களை ஒன்றாக முடிந்து, ஜன்னல் கம்பியில் கட்டி, தலைமுடி பின்னுவது போலப் பின்ன வேண்டும். நாடா தீர்ந்ததும் முடிச்சுப் போட்டால் காலில் உறுத்தும். அதற்குப் பதில், தீரும் நாடாவின் முனையிலும் புது நாடாவின் முனையிலும் சிறு துளை வெட்டி, புது நாடாவின் துளையைப் பழையதன் துளை மேல் வைத்து, புது நாடாவின் மறு முனையைக் கீழிருந்து இரு துளை வழியாகவும் மேலே இழுத்தால் முடிச்சில்லாமல் சேர்ந்துவிடும்.

பின்னல் நான்கு பாகம் நீளம் சேர்ந்ததும், தரையில் தட்டையாக வைத்து, நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றிக் கொண்டே பக்கத்துப் பக்கத்துப் பின்னல்களைக் கெட்டி நூலால் சேர்த்துத் தைக்க வேண்டும். கையில் தூக்கி வைத்துத் தைத்தாலும், நூலை அதிகம் இறுக்கினாலும் மிதியடி கிண்ணம் போலக் குழிந்துவிடும். வட்டம் பெரிதாகப் பெரிதாக நூலைச் சற்றுத் தளர்த்திக் கொள்ள வேண்டும். ஒரு முழுச் சேலையில் வாசலுக்குப் போதிய பெரிய மிதியடி ஒன்று கிடைக்கும். சேலையின் கரையைத் தனியே வைத்திருந்து கடைசிச் சுற்றுக்குப் பின்னினால் ஓரம் அழகாக அமையும்.

கடையில் கேட்கும் சொற்கள்

கேரளத்துக்குப் புதிதாக வந்தவர்கள் கடையில் சாமான் கேட்கத் தயங்குவதுண்டு. பெரும்பாலான சொற்கள் உறவுச் சொற்களே. ஊசியை மலையாளத்தில் "சூசி" என்பார்கள். நூல் "நூலு". கத்தரிக்கோல் "கத்ரிக". துணி இரு மொழியிலும் துணிதான். பைக்கு "சஞ்சி", மிதியடிக்கு "சவிட்டி" என்று சொன்னால் எந்தக் கடையிலும் புரியும். எல்லைக் கிராமத்துப் பாட்டிமாருக்கு இரண்டு சொல்லும் சொந்தம்.

விற்பதானால் நேரத்தையும் எண்ண வேண்டும்

வீட்டுக்காகத் தைத்தவை நன்றாக அமைந்தால், அக்கம்பக்கத்தார் கேட்பார்கள், கடைக்காரரும் கேட்பார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். துணி விலையையும் நூல் விலையையும் கூட்டி, அதற்கு மேல் நாலு ரூபாய் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். தைத்த நேரம் கணக்கில் வருவதே இல்லை. "சும்மா இருந்த நேரத்தில் தைத்ததுதானே" என்று வாங்குபவரும் சொல்லுவார், தைத்தவரும் சொல்லுவார்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். மெஷின் வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு பைக்கு 8 ரூபாய் தைப்புக் கூலி என்று பேசப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். காலை முதல் மாலை வரை உட்கார்ந்து 25 பை தைத்தால் 200 ரூபாய். அதில் நூலும் மின்சாரமும் அவருடைய செலவானால் கைக்கு வருவது இன்னும் குறையும். 2025-26 நிதியாண்டுக்கு மகாத்மா காந்தி ஊரக வேலைத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட நாள் கூலி கேரளத்தில் 369 ரூபாய், தமிழ்நாட்டில் 336 ரூபாய். வேலை தெரிந்த கைக்கு மண்வெட்டி பிடிக்கும் கையை விடக் குறைந்த கூலி என்றால், அந்த விலையை ஒப்புக் கொள்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக் கொள்வது அவசியம். எந்தப் பொருள், துணி எவ்வளவு, நூல் எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வர வேண்டும். பத்துப் பை தைத்த பிறகு ஒரு பைக்குச் சராசரியாக ஆகும் நேரம் தெரியும். அந்த நேரத்துக்கு வட்டாரக் கூலியைப் போட்டு விலை சொல்ல வேண்டும். மொத்தமாகத் தைக்கக் கொடுப்பவரிடம், நூல் யார் பொறுப்பு, தையல் பிசகினால் யார் நஷ்டம், பணம் எந்த நாளில் கிடைக்கும் என்ற மூன்றையும் முதலிலேயே பேசி எழுதிக் கொள்வது பின்னால் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

எந்தப் பக்கம் என்ன உதவி

தனியாகத் தைப்பதை விட நாலு பேர் சேர்ந்து தைத்தால் பேரம் பேசும் பலம் கூடும். கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் இதற்கு நல்ல வழி. அவற்றின் தையல் பிரிவுகள் 2020-ல் கொரோனா காலத்தில் முகக்கவசம் தைத்துக் கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும்.

2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையலும் ஒன்று. பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவி வாங்க 15,000 ரூபாய், முதல் கட்டமாக 5 சதவீத வட்டியில் ஒரு லட்சம் ரூபாய் வரை கடன் என்று அறிவிக்கப்பட்டது. இந்தத் திட்டத்தை ஏற்காத தமிழக அரசு, 2024 டிசம்பரில் கலைஞர் கைவினைத் திட்டத்தை அறிவித்தது. அதன் 25 தொழில்களிலும் தையல் உண்டு. மூன்று லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்பது அதன் ஏற்பாடு.

எல்லையில் வாழ்வோர் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரேஷன் கார்டும் முகவரியும் எந்த மாநிலத்தில் இருக்கின்றனவோ அந்த மாநிலத்துத் திட்டத்துக்கே மனுச் செய்ய இயலும். வேலை பாறசாலையிலும் கார்டு விளவங்கோட்டிலும் இருப்போர், வீண் அலைச்சலைத் தவிர்க்க, மனுக் கொடுப்பதற்கு முன் பஞ்சாயத்து அலுவலகத்திலோ மாவட்டத் தொழில் மையத்திலோ அப்போதுள்ள விதிகளைக் கேட்டறிந்து கொள்வது நல்லது.

ஆண்களும் பழகலாம்

தையல் பெண்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் மாற வேண்டும். பாலராமபுரத்தில் தறியில் உட்கார்ந்தவர்களும், ஊர்தோறும் தையல் கடை வைத்திருப்பவர்களும் ஆண்கள்தானே. லாட்ஜிலும் வாடகை அறையிலும் தனியாகத் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் செலவிட்டால் பொத்தானும் காலரும் பழகிவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் மிதியடிப் பின்னலைக் கொடுத்தால் ஆர்வத்துடன் செய்வார்கள். கத்தரியும் ஊசியும் மட்டும் பெரியவர் கண் முன்னே இருக்கட்டும்.

முதல் பையின் தையல் கோணலாகத்தான் வரும். அதைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும் என்பதில்லை. காய்கறி வாங்க அதுவே போதும். மூன்றாவது பை நேராக வரும். ஒரு சட்டை தைத்துப் போடுவதற்கே இந்த ஊர்ப் பெண்கள் ஒரு காலத்தில் அடிபட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற கைத்தொழிலைப் பழகுவதும், அதற்கு உரிய கூலியைக் கேட்டு வாங்குவதும் இன்றைய குடும்பங்கள் செய்ய வேண்டியவை.